பழைய புத்தகங்களும் அவற்றைக் காத்த பெருமக்களும்



ஒரு மொழியின் செல்வம் எங்கே இருக்கிறது என்று வினவினால், பெரிய நூலகங்களைச் சுட்டிக் காட்டுவோர் பலர். அக்கூற்றிற் பிழையில்லை. ஆயினும் தமிழ் அச்சு நூல்களின் வரலாற்றைச் சற்றே கூர்ந்து நோக்கினால், அச்செல்வத்தின் ஒரு பெரும்பகுதி நூலகத்தைச் சென்றடையும் முன் நடைபாதைக் கடைகளிலும், பழங்காகிதக் குவியல்களிலும், தராசுத் தட்டுகளிலும் கிடந்தது என்பது புலனாகும். அங்கிருந்து அதனை எடுத்துத் தூசு துடைத்துக் காத்தவர்களுள் நம்மைப் போல் உழைத்துப் பிழைத்தவர்கள் பலர். அவர்தம் தொண்டினை இவ்வாண்டு மலர் வாயிலாக நினைவு கூர்தல் நம் கடன். இதனை இவ்வாண்டில் எடுத்துக்கொண்டதற்குச் சிறப்பான காரணமும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழில் அச்சுக்கலை பழமை வாய்ந்தது. இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' ஆகும். பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் பிரதியைக் காண விரும்புவோர் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். 1679இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் அவ்வாறே. அதன் பிரதியைத் தனிநாயக அடிகள் 1954இல் வாத்திகன் நூலகத்திற் கண்டெடுத்தார். 1966இல் அது மறுபதிப்பாக வெளிவந்தது. நம்மிடையே தோன்றிய நூல்களைக் கடல் கடந்து தேட நேர்ந்தது ஏன்? அச்சிட்டோர் இருந்தனர், அவற்றைப் பேணி வைப்போர் நம்மிடையே இல்லை. அதுவே காரணம்.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சகம் நடத்தும் தடைகள் நீங்கின. அதன்பின் தமிழ்நூல்கள் பெருகின. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய வரலாறு நம் குழந்தைகளும் அறிந்ததே. ஓலையிலிருந்து காகிதத்துக்கு ஏறிவிட்டால் நூலுக்கு இனி அழிவில்லை என்று தமிழர் எண்ணினர். ஆனால் நன்றாகக் காத்த ஓலைச்சுவடி இருநூறு முந்நூறு ஆண்டுகள் நிற்கும். மலிவான காகிதமோ ஐம்பது ஆண்டிற் பழுத்து, தொட்டால் அப்பளம் போல் நொறுங்கும். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் ஓலையைவிடக் காகிதமே விருந்து.

மேலும், ஏட்டிலிருந்து வந்த பேரிலக்கியங்கள் மட்டுமே அச்சாகவில்லை. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் எத்தனை! ரயில் வந்தது, வெள்ளம் வந்தது, பஞ்சம் வந்தது, ஊரைக் கலக்கிய கொலை நடந்தது என எல்லாவற்றையும் சிந்தாகவும் கும்மியாகவும் பாடி அச்சடித்துக் காசுக்கு விற்றனர். மக்கள் வாங்கிப் பாடினர். பின்னர் அவற்றிற் கடலை மடித்தனர். நாடக விளம்பரங்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அவ்வாறே மறைந்தன. அக்காலத்து எளிய மக்கள் எதைக் கண்டு சிரித்தனர், எதைக் கண்டு அஞ்சினர் என்று அறிய விரும்பும் வரலாற்றாசிரியனுக்கு இவற்றைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை.

இவ்வகை நூல்கள் மறையாமல் எஞ்சியமைக்குச் சென்னை மூர் மார்க்கெட்டும் ஒரு காரணம். சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய அக்கட்டடம் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செங்கற் சிவப்பு நிறமும் வளைவுகளும் கொண்ட அச்சந்தை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து இருந்தது. நம் தில்லி வண்டியிலிருந்து இறங்கியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே அங்கு நடந்து போகலாம். கிளியும் புறாவும் விற்பார் ஒருபுறம்; கிராமபோன் இசைத்தட்டு விற்பார் ஒருபுறம்; பழைய புத்தகக் கடைகள் ஒருபுறம். மாணவர்கள் பாடநூல் தேடி வந்தனர். புலவர்களும் பத்திரிகையாசிரியர்களும் தத்தமக்குப் பிடித்த ஆசிரியரின் நூலைத் தேடி வந்தனர். தேடுகிற நூல் கண்ணிற் பட்டவுடன் முகம் மலர்ந்துவிட்டால் விலை ஏறிவிடும். ஆகவே வேண்டாத நூல்கள் நான்கை முதலில் விலை கேட்டுவிட்டு, வேண்டியதை ஐந்தாவதாகக் கேட்பதே அங்குப் பயின்றோர் கையாண்ட தந்திரம்.

அச்சந்தையிற் புத்தகம் தேடியவர்களுள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். 1906இற் பிறந்த இவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா' என்பது அவருடைய தொழிற்கூடத்தின் பெயரிலிருந்து வந்த அடைமொழி. பலகை எழுதிப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு மூர் மார்க்கெட்டிலும் பிற இடங்களிலும் பழைய நூல்களை வாங்கத் தொடங்கினார். நூல்களோடு நில்லாமல் இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் எனப் பிறர் குப்பையென்று தள்ளியவற்றையும் சேர்த்தார். நாற்பதாண்டுக்கும் மேலாக நிகழ்ந்த இவ்வேட்டையின் பயனாக அவர் வீட்டிற் சேர்ந்தவை ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. எனினும் தமிழ்நாட்டை விட்டு அதனைக் கொண்டு செல்லவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர் அங்கு வருகின்றனர். பலகை எழுதியவர் கையில் தங்கியிராவிடில், அந்நூல்களுட் பல பலகாரப் பொட்டலமாகப் போயிருக்கும்.

"நூல்தான் மறுபடியும் அச்சாகிவிட்டதே, பழம்பிரதி எதற்கு?" என்று கேட்பார் உளர். அக்கேள்விக்கு மகாகவி பாரதியாரின் எழுத்துகளே விடை. அவர் 1921இல் மறைந்தபோது அவருடைய கட்டுரைகளுட் பல நூல் வடிவம் பெறவில்லை. நாளிதழ்த் தாள்களுக்குள்ளே கிடந்தன. பெரியசாமித் தூரன் சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் புரட்டித் தேடித் தொகுத்தமையால் 1953இல் 'பாரதி தமிழ்' கிடைத்தது. புதுமைப்பித்தனுக்கும் இந்நிலையே. மணிக்கொடி முதலிய இதழ்களில் அவர் எழுதிய கதைகளை, அவர் 1948இல் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், பழைய இதழ்களோடு ஒப்பிட்டுத் திருத்தமான பதிப்பு கொணர வேண்டியிருந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த அத்தொகுதி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பழைய இதழ் ஒன்று எங்கோ ஒருவர் பரணில் இருந்தால்தான் பிழை திருந்தும். ஆசிரியர் எழுதியது எது, பின்னர் வந்தோர் மாற்றியது எது என்பது விளங்கும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. இன்று அந்நாவலைப் பல பதிப்பகத்தார் மலிவு விலையில் விற்கின்றனர், கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அக்காலத்துக் குடும்பங்கள் வாரந்தோறும் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, நூலிட்டுத் தைத்து, அட்டை கட்டி வைத்த தொகுதிகளில் மணியம் வரைந்த சித்திரங்கள் அப்படியே இருக்கின்றன. மறுபக்கத்தில் அவ்வாரத்து விளம்பரமும் செய்தியும் இருக்கின்றன. ஓரத்தில் பாட்டியின் கையெழுத்தும் இருக்கலாம். இதனை எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது.

சேர்த்து வைப்பதோடு, பல இடங்களிற் சேர்த்து வைப்பதும் இன்றியமையாதது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளிரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கே 97,000 நூல்கள் சாம்பலாயின. நான்காண்டு கழித்து, 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட்டும் தீக்கிரையாயிற்று. கடைக்காரர் சிலர் பின்னர் அல்லிக்குளம் வளாகத்திற் கடை வைத்தனர். சந்தை நின்ற இடத்தில் இன்று புறநகர் ரயில் வளாகம் நிற்கிறது. ரயில்வேயில் பணிபுரியும் நாம் அவ்வழியே செல்லுந்தோறும் காண்பது, 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று அந்நிலையத்துக்கு எஞ்சிய பெயரொன்றையே. தீ ஓரிரவிற் செய்ததை எவராலும் மாற்ற இயலாது. எனினும், தனியார் இல்லங்களில் இருந்த பிரதிகளே இத்தகைய இழப்பைச் சிறிதேனும் ஈடு செய்யக் கூடியவை. ஆசிரியப் பணியாற்றிய கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதியர் தம் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்து, புதுக்கோட்டையில் 'ஞானாலயா' என்னும் ஆய்வு நூலகமாக வளர்த்தமை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே முதற்பதிப்புகளே ஒரு தனிச் செல்வம்.

இனித் தில்லிக்கு வருவோம். இந்நகரில் பழைய புத்தகம் என்றால் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையே நினைவுக்கு வரும். பல்லாண்டுகள் நடைபாதையில் நடந்த அச்சந்தை, உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2019 செப்டம்பரில் ஆசப் அலி சாலையின் மகிளா ஹாட் வளாகத்துக்குள் சென்றது. அங்கே ஆங்கிலமும் இந்தியும் மலை போற் குவிந்திருக்கும். தமிழ் நூல் கிடைப்பது அரிது. தில்லியில் பழைய தமிழ் நூல்கள் இருக்கும் இடம் வேறு. அவை நம் வீட்டுப் பரண்களிலும் கட்டிலடிப் பெட்டிகளிலும் இருக்கின்றன.

நம் சரோஜினி நகருக்கு முன்னாளில் வினய் நகர் என்று பெயர். அரசுப் பணிக்காக இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கின. பாத்திரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் இடையே பாரதியும் கல்கியும் தேவனும் வந்தனர். இங்கிருந்தபடியே தபாலில் இதழ்களை வரவழைத்துப் படித்து, அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுத்து, ஆண்டு முடிவில் பைண்டு செய்து வைத்தனர். துணிக்குப் பேர்போன நம் சந்தைக்கு ஊரே திரண்டு வருகிறது. அதன் அருகே இவ்வளவு தமிழ் இருந்ததை வருவோர் அறியார்.

முன்னர்க் கூறுவோம் என்ற காரணத்தை இப்பொழுது கூறலாம். சரோஜினி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை மறுநிர்மாணம் செய்ய மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள் பல இடிந்து, அடுக்குமாடிகள் எழுகின்றன. குடும்பங்கள் வேறிடம் செல்கின்றன. ஓய்வு பெற்றோர் ஊருக்கோ பிள்ளைகளிடமோ போகின்றனர். வீடு காலி செய்யும் அவசரத்தில் முதலில் வெளியேறுவது புத்தகக் கட்டு. தமிழ் படிக்கத் தெரியாத பேரனுக்கு அது சுமை; கபாடிக்காரருக்கு அது ரத்திக் காகிதம். சரக்கை எடை போடுவதை நாள்தோறும் காண்பவர் நாம். ஒரு கிலோ பழைய செய்தித்தாளும் ஒரு கிலோ முதற்பதிப்பும் முள்ளை ஒரே இடத்தில்தான் நிறுத்தும். தராசுக்கு எழுத்தறிவு கிடையாது. அருகில் நிற்கும் நமக்குத்தான் உண்டு.

ஆகவே எடைக்குப் போடுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். முதலில் விலையை நோக்குக. அணாக் கணக்கில் விலை இருப்பின் அந்நூல் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது, 'ந.பை.' என்றிருப்பின் பெரும்பாலும் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எழுத்தை நோக்குக. 'லை', 'னை' ஆகியவை துதிக்கை வளைந்தாற் போன்ற பழைய வடிவில் இருப்பின், அது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருத்தல் கூடும். ஆங்கில ஆண்டில்லாமல் தமிழாண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படலாகாது. அறுபதாண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்ப வரும் ஆதலின், 'விகாரி' என்பது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். அட்டை போயிற்றே என்று தள்ளிவிட வேண்டா. பைண்டு செய்த தொடர்கதை, சங்க ஆண்டு மலர், கச்சேரி நோட்டீசு, பள்ளி விழா அழைப்பிதழ் ஆகிய எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். நூலக முத்திரை உள்ள நூலாயின் அந்நூலகத்துக்கே திருப்பித் தருவது முறை.

எடுத்து வைத்தபின் என் செய்வது? 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அரியவற்றைச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் புதுக்கோட்டை ஞானாலயாவுக்கும் எழுதிக் கேட்டு அனுப்பலாம். 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகத்தில் ஏற்கெனவே உள்ளதா என்று இல்லத்து இளைஞர்கள் நொடியிற் பார்த்துச் சொல்வார்கள். ரயிலில் அனுப்புவதாயின் பெரிய மூட்டையாகக் கட்டாமல் சிறு சிறு பெட்டிகளாகக் கட்டுங்கள். ஈரம் புகாதபடி உள்ளே பிளாஸ்டிக் தாள் இடுங்கள். பார்சலுக்கு ஆகும் கூலி, கபாடிக்காரர் தரும் தொகையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அக்கூலியை நம் பாட்டனாருக்குச் செய்யும் சிராத்தச் செலவாக எண்ணினால் மனம் வருந்தாது.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீடு மாறும் குடும்பங்களின் நூல்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று பார்த்துப் பிரித்துத் தர, இளைஞர் இருவரும் பெரியவர் ஒருவரும் கொண்ட குழுவொன்றை இவ்வாண்டே அமைப்போம். பெரியவர் நூலை இனங்காணட்டும். இளைஞர் பட்டியல் எடுக்கட்டும். பட்டியல் எழுதும் பிள்ளைகள் தலைப்புகளைப் படிப்பர்; தலைப்பைப் படித்தவருள் ஒருவரேனும் உள்ளே புரட்டிப் பார்ப்பார். அடுத்த ரோஜா முத்தையா நம் காலனியிலிருந்தும் தோன்றக் கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!