கண்ணாடிக்குள் ஒரு கடல்: மெட்ராஸ் தொட்டியும் பழவேற்காட்டு ஏரியும்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். தங்க மீன், மோலி, கப்பி... எல்லாமே நல்ல தண்ணீர் மீன்கள். உப்புத் தண்ணீர் தொட்டியில் ஒரு மீன் கூட்டத்தையே வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. "அதெல்லாம் வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு" என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்தத் தொட்டிகளில் கூட்டமாகச் சுற்றும் சில மீன்கள் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பழவேற்காட்டு ஏரியில் பிறந்ததிலிருந்து நீந்திக்கொண்டிருக்கின்றன!

முதலில், கடலைக் கண்ணாடிக்குள் அடைத்த கதை.

18ஆம் நூற்றாண்டில் நம் கடல் மீன்கள் ஐரோப்பாவுக்குப் போனது உண்மைதான், ஆனால் செத்துப்போய், சாராயத்தில் ஊறி! தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி, பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் ஆராய்ச்சியாளருக்கு நம் கரையோர மீன்களை அனுப்பி வைத்தார். அதற்கு நன்றியாக ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார் பிளாக். அதற்கும் முன்பே, 1613ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் கண் முழுவதும் துணி வியாபாரத்தில்தான் இருந்தது. காலடியில் இருந்த ஏரி மீன்கள் கணக்குப் புத்தகத்தில் பெரிய இடம் பிடிக்கவில்லை.

கடல் உயிர்களை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருப்பது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. 1846ல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி பவள உயிர்களைக் கடற்கரையிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் கெடாமல் இருக்க, வேலைக்காரப் பெண் தினமும் ஜன்னலோரம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அதை ஆற்றிக்கொண்டே இருப்பாராம். நம் ஊரில் டீ ஆற்றுவது போல! இன்று ஏர் பம்ப் செய்யும் வேலையை அன்று ஒரு பெண்ணின் கைகள் செய்தன. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அதில் பெரும் பங்கு வகித்த பிலிப் காஸ், கடலுக்குப் போகாமலே உப்புகளைக் கலந்து கடல் தண்ணீர் தயாரிக்கும் முறையை அடுத்த ஆண்டே வெளியிட்டார்.

அந்த அலை மெட்ராஸையும் தொட்டது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சியகம் கட்டப்பட்டு, 1909 அக்டோபரில் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் அதுதான். 1919ல் மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது மூடப்பட்டது, அதோடு அந்தக் கதை முடிந்தது. மெரினாவுக்குப் போகும் எத்தனை பேருக்கு இன்று அது தெரியும்?

சரி, பழவேற்காட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை தமிழ்நாட்டில். ஆழம் மிகக் குறைவு, பல இடங்களில் நடந்தே போகலாம். ஒரு பக்கம் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொட்டுகின்றன. இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரில் உப்பே தெரியாத இடங்கள் உண்டு. கோடையில் அதே தண்ணீர் கடலைவிட அதிகமாகக் கரிக்கும்.

இப்படிப்பட்ட தண்ணீரில் வாழப் பழகிய மீன்கள் லேசில் சாகாது. மடவை கூட்டமாகத் துள்ளும். காரல் பொடிக் காசுகளைப் போல மின்னும். வெள்ளித் தட்டு போன்ற மோனோ, உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஸ்காட் இரண்டும் உலகெங்கும் தொட்டி மீன்களாக விற்பவை. இரண்டும் இந்த ஏரியிலும் உண்டு.

இந்த மீன்களை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, ஒன்றே ஒன்றை வாங்குவது. கூட்ட மீன் தனியாக இருந்தால் மூலையில் ஒளியும், இரை எடுக்காது, நிறம் மங்கும். காரணம் எளிமையானது. கூட்டம்தான் அதற்குப் பாதுகாப்பு. பக்கத்து மீனைக் கண்ணால் பார்த்தும், உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் நீரின் அசைவை உணர்ந்தும் ஒரே நேரத்தில் எல்லாம் திரும்புகின்றன. எந்த மீனைப் பிடிப்பது என்று துரத்துகிற மீனுக்குக் குழப்பம்! எனவே குறைந்தது ஐந்தாறு மீன்கள் வேண்டும். அவை நீளமாக நீந்த இடம் வேண்டும். கடல் அளவு என்றால் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால் மொத்தமும் போய்விடும்.

இப்போது கவனியுங்கள். உப்பைச் சரிசெய்வது, தண்ணீரை ஓட விடுவது, கழிவை வெளியேற்றுவது... இந்த மூன்றையும் ஏரியில் செய்வது யார்? முகத்துவாரம்!

மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். இறாலும் அப்படித்தான். கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து போட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால், பம்ப் நின்றுபோன தொட்டிதான். குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, கோடையில் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டிக்காரருக்கு நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். ஏரியை நம்பியிருக்கும் கிராமங்களுக்கு அதுதான் அடுப்பு எரிவதா இல்லையா என்ற கேள்வி. முகத்துவாரம் தூர்ந்தபோதெல்லாம் மீனவர்கள் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது இதனால்தான்.

மீன் கூட்டத்தைக் காப்பாற்ற அந்தக் கிராமங்கள் ஒரு நிர்வாக முறையும் வைத்திருக்கின்றன. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில், நல்ல மீன்பிடி இடங்களில் யார் எந்த நாளில் வலை விடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். வணிகவியல் பாடத்தில் பொதுச்சொத்தை எல்லோரும் சுரண்டினால் என்ன ஆகும் என்று படிக்கிறோமே, அதற்கு ஏட்டில் எழுதாத விடை இது. குறையும் உண்டு. பாட்டில் எல்லோருக்கும் இடமில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அந்த முறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. 1987ல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2015ல் பால் மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது. அழகு மீன்களான மோனோ, ஸ்காட் இரண்டையும் இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறது. இது பரவினால் தொட்டிக்கான மீனை ஏரியிலிருந்து அள்ள வேண்டியதில்லை. கரையோரக் குடும்பங்கள் குஞ்சு வளர்த்து விற்கவும் வழி பிறக்கும்.

ஆனால் பண்ணைக் குஞ்சு ஏரிக்கு மாற்று ஆகாது. தொட்டியில் ஆறு மீன்களை வாழ வைக்க ஒரு மனிதன் தினமும் தண்ணீரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டில் இத்தனை காலமும் கடல் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தது. அதற்குத் தேவை திறந்த வாசல் ஒன்றுதான். அந்த வாசலைத் திறந்து வைக்க ஆகும் செலவையும், மூடிவிட்டால் வரும் நஷ்டத்தையும் யாராவது ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், எது லாபம் என்று சொல்ல பி.காம் படித்திருக்க வேண்டுமா என்ன?