தோட்டப்புறத்து வேதபாட வகுப்பு
கெடாவில் முதியோர் கல்வியின் ஒரு கிளை

இராசேந்திர சோழனுக்குக் 'கடாரங்கொண்டான்' என்னும் பெயரை ஈந்த நாடு இன்றைய கெடா என்பதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அம்மண்ணில் பால்மரக் காடுகளை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றைக் கூலி, குடியேற்றம், போராட்டம் ஆகிய தலைப்புகளில் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் அவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத கிளை ஒன்று உண்டு. பகலெல்லாம் உழைத்த ஆடவரும் பெண்டிரும் ஓய்வு வேளையில் கூடி, திருமறை நூலை வாசித்து அறிய முயன்ற வகுப்புகளே அக்கிளையாகும். சமயத்தைப் பரப்புவதோ பழிப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. வளர்ந்தோர் கற்கும் முறை எப்படித் தழைக்கிறது, எப்படி வாடுகிறது என்பதை ஆராய்வதே நோக்கம்.

முதலில் இதன் உலக வரலாற்றைச் சிறிது காண்போம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் ஏழைச் சிறுவர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கினார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1798இல், நாட்டிங்காம் நகரில் வில்லியம் சிங்கிள்டன், சாமுவேல் ஃபாக்ஸ் என்னும் இருவர் வளர்ந்தோர்க்கென ஒரு பள்ளி கண்டனர். பின்னல் துணி ஆலைகளில் உழைத்த இளம் பெண்களே அதன் முதல் மாணவியர். எழுத்தறிவும் விவிலிய வாசிப்பும் அங்கு ஒருங்கே நடந்தன. முதியோர் வேதபாட வகுப்பு தோன்றியது உழைக்கும் மக்களுக்காக, அதிலும் உழைக்கும் பெண்களுக்காக என்பது நாம் மறக்கலாகாத உண்மை.

தமிழகத்தில் இதன் வேர் இன்னும் ஆழமானது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஒரு போதனை நூலாகும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715இல் அது முழுமையாக அச்சேறியது. ஆனால் நூல் மட்டும் ஊர்ப்புறங்களுக்குச் சென்றுவிடுமா? அதனை எடுத்துச் சென்று வாசித்து விளக்கியவர்கள் உபதேசியார் எனப்பட்ட தமிழர்களே. அவ்வாறு பணியாற்றிய ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். குருவானவர் எப்போதேனும் ஒருமுறை வரும் சிற்றூர்களில் சபையைக் கட்டிக் காத்தவர் உபதேசியாரே. இவ்வழக்கமே கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது.

கெடாவின் கிறிஸ்தவ வரலாறு தோட்டங்களுக்கும் முற்பட்டது. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபோது, கோலக் கெடாவிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பிரெஞ்சு மறைப்பணியாளர் கார்னோவுடன் அங்குச் சென்றன. அண்டை மாநிலமான பேராக்கில், பாகான் செராய் அருகே, தந்தை ஃபே 1882இல் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு குடியிருப்பை நிறுவினார். 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரவின. கங்காணிமார் அழைத்து வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் இந்துக்கள். சிறு தொகையினர் கிறிஸ்தவர். நகரத்து ஆலயங்களுக்கும் தோட்டத்து லயன்களுக்கும் இடையே தொலைவு மிகுதி. வாகன வசதியோ குறைவு. ஆகவே வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் செவிமடுப்பதே தோட்டத்துச் சபையின் பள்ளியாயிற்று. தாய்மொழியின் எழுத்து நடையைப் பலர் முதன்முதலாகக் கேட்டறிந்த இடமும் அதுவே எனலாம்.

இம்முறையின் நன்மை பெரிது. குறையும் அதனுள்ளேயே இருந்தது. ஒருவர் பேச, மற்றவர் வாளா இருப்பது நாளடைவில் வழக்கமாகிவிட்டால், வகுப்பு இரண்டாம் பிரசங்கமாகிவிடும். குடும்பம் நடத்தி, கடன் அடைத்து, சாவும் வாழ்வும் கண்ட மனிதரைச் சிறுவரைப்போல் உட்கார வைத்து மனப்பாடம் செய்விப்பது கல்வியாகாது. வினா எழாத வகுப்பில் வருகை குறைவது இயல்பு.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி இதற்கு ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, திருமறை நூல் கிறிஸ்தவ மக்கள் யாவர்க்கும் எட்டும் வகையில் திறந்திருக்க வேண்டும் என வலியுறுத்திற்று. 1955இல் அமைந்த பினாங்கு மறைமாவட்டத்துள் கெடாவும் அடங்கும். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் கூடி, அண்டை வீட்டார் சிறு குழுவாகச் சேர்ந்து வாசித்துச் சிந்திக்கும் அடிப்படைச் சமூகங்களுக்கு முதன்மை தந்தனர். தமிழில் இன்று 'அன்பியம்' என வழங்குவது இதுவே. பாடம் பீடத்திலிருந்து இறங்கி வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

இவ்விடத்தில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ ஃபிரெய்ரேயை நினைவுகூர்தல் பொருந்தும். 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு எழுத்தறிவூட்டிய அவர், அவர்தம் வாழ்விலிருந்தே சொற்களைத் தெரிந்தெடுத்தார். கற்பவரின் அனுபவமே பாடத்தின் தொடக்கம் என்பது அவர் கொள்கை. கெடாவுக்கும் இது பொருந்தும். மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமை உள்ளது. விடியலில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் உரிமையாளர் ஒரே கூலி தருகிறார். நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரிடம், 'இது நியாயமா?' என்று கேட்டுப் பாருங்கள்! நாள் முழுதும் வெயிலில் நின்றவனின் முறையீடு அவர்க்குப் புரியும். வேலை கிடைக்காது மாலைவரை காத்திருந்தவனின் பசியும் புரியும். அவ்விவாதத்திலிருந்து எழும் அறிவு எந்த விரிவுரையாலும் வராது. ஆசிரியர் செய்ய வேண்டுவது நல்ல வினாவைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பதே.

மொழியும் கருதத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பின் வடசொல் மிகுந்த நடை முதியோர்க்குச் செவிப்பழக்கத்தால் இனிக்கும். இளையோர்க்கு அது எட்டாக்கனி. 1995இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' எளிய நடையில் அமைந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வாசித்தால், சமயப் பாடமே மொழிப் பாடமுமாகும். மலாய் வழியும் ஆங்கில வழியும் பயின்று தமிழெழுத்தை மறந்துவரும் இளைஞர்க்கு, தாத்தா பாட்டியுடன் அமர்ந்து வாசிக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தற்கரிய பயிற்சியன்றோ?

இனி, படித்தது செயலாக வேண்டும். 1946-47இல் கெடாவில் எழுந்த தொண்டர் படை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அது திருச்சபை இயக்கமன்று. எனினும் படிப்பினை அனைவர்க்கும் உரியது. பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொழிலாளர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். 1947இல் காவல் படையுடன் மோதல்கள் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தோட்டத்து மனிதன் தன்னைத் தானே சீர்திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவன் என்பதை அவ்வெழுச்சி காட்டிற்று. அவ்வாற்றலை நம்பாத வகுப்பு எதுவாயினும் பயன் தராது.

இன்று தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. தோட்டத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் சிதறி வாழ்கின்றனர். பக்கத்து லயனில் துயரென்றால் ஓடிவந்த உறவு அங்கு இல்லை. கிறிஸ்து அரசர் ஆலயமாயினும் திருஇருதய ஆலயமாயினும், ஞாயிறன்று கூடிக் கலைவதோடு நின்றுவிட்டால் அவ்வுறவு மீளாது. நோயுற்றோரைக் காணல், அரசாங்கப் பாரங்களை நிரப்பித் தருதல், பிள்ளைகட்கு மாலைப் பாடம் சொல்லுதல், தனித்திருக்கும் முதியோர்க்கு வாசித்துக் காட்டல் ஆகியவற்றை வகுப்பினர் பங்கிட்டுக்கொண்டால், கற்றதற்குப் பொருளுண்டாகும். ஒருவரே எல்லாப் பணியையும் சுமப்பதும், மற்றவர் குறை கூறி நிற்பதும் எந்தச் சபைக்கும் உதவா.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. உபதேசியாரின் குரலில் முதன்முதல் எழுத்துத் தமிழைக் கேட்ட தலைமுறை நம் கண்முன் மறைந்துகொண்டிருக்கிறது. அவர்தம் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்ய இதுவே தக்க காலம். கோயிலாயினும் தேவாலயமாயினும், எளிய மக்கள் கூடிப் படித்த இடமெல்லாம் தமிழ் வாழ்ந்த இடமே. அவ்வரலாறு எழுதப்படாமற் போனால் இழப்பு ஒரு சமயத்தார்க்கு மட்டுமன்று. கடாரத் தமிழர் அனைவர்க்கும் உரியதாகும்.