அபின் விளையும் நாட்டில் வலி மருந்துக்குப் பஞ்சம்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். சிப்காட் தொழிற்சாலைகளின் லாரிகள் இந்த எல்லையை இரவும் பகலும் கடக்கின்றன. 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் ஓசூர், கிருஷ்ணகிரி நோயாளிகளுக்கும் இதுதான் வழி. ஆனால் அந்த நோயாளிகளுக்குத் தேவையான ஒரு மருந்து மாநில எல்லையைத் தாண்டுவது மட்டும் பல ஆண்டுகள் பெரும்பாடாக இருந்தது. அதுதான் மார்ஃபின்.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் ஆகியவற்றில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் எலும்புக்குப் பரவும். அப்போது எலும்பு அரிக்கப்பட்டு வலுவிழக்கிறது. புரண்டு படுத்தாலே வலி உயிரை எடுக்கும். கதிர்வீச்சு சிகிச்சை இந்த வலியைக் குறைக்கும். பலருக்கு ஒரே ஒரு முறை கொடுத்தாலே போதும். ஆனால் அது பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை நோயாளி என்ன செய்வார்? உலக சுகாதார நிறுவனம் 1986இல் இதற்கு வழி சொன்னது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி, கேட்காவிட்டால் படிப்படியாக மார்ஃபின் வரை போகலாம். ஊசிகூட வேண்டாம், வாய்வழியாகவே கொடுக்கலாம்.

மார்ஃபின் அபினிலிருந்து கிடைப்பது. அபினோ மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைகிறது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்திருக்கிறோம். சரக்கு கையில் இருந்தும் சொந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்காத கடை மாதிரிதான்!

காரணம், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அப்போது அதில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு சிறை என்று இருந்தது. மருத்துவப் பயன்பாட்டை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை, ஆனால் விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. வாங்க ஒரு உரிமம், வைத்திருக்க ஒன்று, கொண்டுவர ஒன்று. வேறு மாநிலத்திலிருந்து வரவழைத்தால் அந்த மாநிலத்தின் அனுமதியும் வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருந்துக்கடைக்காரர்களும் மருத்துவமனைகளும் "எதற்கு வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். விளைவு, மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்து, 1997இல் நாடு முழுவதற்கும் வெறும் 18 கிலோ!

இதை எதிர்த்து அதிகம் போராடியவர்கள் பக்கத்துக் கேரளத்துக்காரர்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். முறையான கணக்கு வைத்துக்கொண்டு நோயாளிகளின் வீட்டுக்கே மார்ஃபின் கொடுத்துக் காட்டினார்கள். விதிகளை எளிமையாக்கும்படி 1998இல் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சில மாநிலங்கள்தான் அசைந்தன. 2007இல் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

கடைசியில் 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும், மருத்துவமனை இவற்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இடையில் போன முப்பது ஆண்டுகள்? அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களில் பலர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். நோயாளியின் வீட்டாரும் பழக்கமாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். எம்பிபிஎஸ் படிப்பின் புதிய பாடத்திட்டத்தில் வலி நிவாரணம் இடம்பெற்றது 2019இல்தான்.