எரித்த பீட்டும் படித்த பீட்டும்

புதுச்சேரியையும் மதுவையும் சேர்த்து எழுதினாலே பேச்சு விலைக்குப் போய்விடும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதுக்கும் வந்தது. அப்போது நம்மூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்தச் சட்டம் எல்லையோடு நின்றுவிட்டது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவுக்கு மாறிய பிறகும் இங்கே கலால் கணக்கு தனி. கடலூர்க்காரரும் விழுப்புரத்துக்காரரும் இங்கே வந்து பாட்டில் வாங்கின கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டில் புகை மணக்கும் ஒரு வகை இருக்கிறது. அந்தப் புகைக்குக் காரணம் பீட். அதே பீட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கடைவீதியில் தேடினால் அது கிடைக்காது, செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது.

முதலில் பீட் என்றால் என்ன? தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பில் செத்த செடிகள் முழுசாக மக்காது, ஏன்னா உள்ளே ஆக்சிஜன் போகாது. அப்படியே படிந்து படிந்து கறுப்பான, நார் நாரான மண் மாதிரி ஆகிவிடும். அதுதான் பீட். குளிர்நாடுகளில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் ஆயிரம் வருஷம். வெட்டிக் காயவைத்தால் நம்ம வறட்டி மாதிரி எரியும்.

இது விஸ்கிக்குள் எப்படி வந்தது? பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலே வளராமல் இருக்கச் சூடு காட்டி உலர்த்துவார்கள். அதற்கு அடுப்பில் எதை எரிக்கிறார்களோ அதன் புகை தானியத்தில் ஏறும். பீட் புகையில் ஃபீனால் வகைச் சேர்மங்கள் அதிகம். டிஞ்சர், டெட்டால், கரிப்புகை என்று நமக்குத் தோன்றும் வாசனையெல்லாம் அவற்றால் வருவதுதான்.

ஆரம்பத்தில் யாரும் ருசிக்காக பீட் எரிக்கவில்லை. மரம் குறைந்த அந்த நாட்டில் கையில் கிடைத்த விறகு அது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது, ஸ்பே நதிப் பக்கம் நிலக்கரி வந்து சேர்ந்தது, அங்கே விஸ்கியில் புகை குறைந்துகொண்டே போனது. ஐலா தீவுக்கு ரயில் கிடையாது, நிலக்கரியும் கப்பலில்தான் வரவேண்டும், ஆனால் பீட் காலடியிலேயே கிடந்தது. அதனால் அங்கே புகை நிலைத்தது. இன்றைக்கு நாம் "ஐலா ஸ்டைல்" என்று காசு கொடுத்து வாங்குவது, ஒரு காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டில் பிறந்தது.

ருசி பார்க்கிறவர்கள் முதலில் பேசுவது பிபிஎம் கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று. லகவுலின் சுமார் 35, லஃப்ரோயக் 40-லிருந்து 45, ஆர்ட்பெக் 55 என்பார்கள். இந்த எண் உலர்த்திய பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. நொதிக்கும்போதும் வடிக்கும்போதும் பெரும்பகுதி போய்விடும். லகவுலினுக்கும் கொல் ஈலாவுக்கும் பார்லி வருவது ஒரே போர்ட் எல்லன் ஆலையிலிருந்து, பிபிஎம்மும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லகவுலின் கனமாக, உலர்ந்த பேரீச்சை மாதிரி இனிப்போடு வரும், கொல் ஈலா மெலிதாக, எலுமிச்சைத்தோல் மாதிரி நிற்கும். பாத்திரத்தின் வடிவமும், வடிக்கும்போது எந்த இடத்தில் வெட்டிப் பிடிக்கிறார்கள் என்பதும்தான் இங்கே வித்தியாசம் செய்கிறது.

நண்பர்கள் நாலு பேர் ஒருநாள் சின்னச் சின்ன அளவில் ஊற்றி, லேபிளை மறைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். லஃப்ரோயக்கை முகர்ந்ததுமே ஒருத்தர், "கம்பவுண்டர் ரூம் வாசனைங்க இது" என்றார். ஆர்ட்பெக் போகிக்கு மறுநாள் தெரு மாதிரி இருந்தது. சில துளி தண்ணீர் விட்டதும் இரண்டிலும் புகை பின்னால் போய் இனிப்பு முன்னால் வந்தது. கூடவே பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனும் இருந்தது. அதில் புகை பக்கத்து வீட்டுச் சாம்பிராணி அளவுக்குத்தான்.

அம்ருத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-இல் தொடங்கிய கம்பெனி, 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகம் செய்தது. ஃப்யூஷனில் முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு பீட் புகை ஏற்றிய ஸ்காட்லாந்து பார்லி. ஜிம் மர்ரே தன் 2010 விஸ்கி பைபிளில் அதற்கு 97 மதிப்பெண் கொடுத்து உலகில் மூன்றாவது இடத்தில் வைத்தார். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பெங்களூர்ச் சூட்டில் 10 சதவீதத்துக்கும் மேலே போகும். அதனால் சீக்கிரம் முதிரும். பார்லி, வெயில், தண்ணீர் எல்லாம் நம்முடையது. புகை மட்டும் இறக்குமதி.

அப்படின்னா நம்மிடம் பீட் இல்லையா? இருக்கிறது. பல லட்சம் வருஷம் மண்ணுக்கடியில் அழுந்தினால் பீட் பழுப்பு நிலக்கரியாகும். அது நெய்வேலியில் மட்டுமல்ல, நம்ம பாகூர்ப் பக்கமும் இருப்பதை 1880-களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் குறித்திருக்கிறார்கள். இன்னும் பீட்டாகவே இருப்பது நீலகிரியின் உச்சிச் சமவெளியில், ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில்.

அந்த பீட்டை எடுத்துப் படித்த இடங்களில் ஒன்று 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அங்கே ஒரு மகரந்த ஆய்வகம் உண்டு. மகரந்தத்தின் மேலோடு எளிதில் அழியாது. ஆக்சிஜன் இல்லாத பீட்டுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். எந்த ஆழத்தில் எந்தச் செடியின் மகரந்தம் என்று எண்ணினால், எந்தக் காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது என்று தெரியும். என் தொழில் பாஷையில் சொன்னால், யாரும் திருத்த முடியாத லாக் ஃபைல். மேலே புதுசு, கீழே பழசு.

அந்த ஆய்வகத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்தார், அங்கேயே கொல்லப்பட்டார். அதே நிறுவனத்தின் ஜி. வசந்தி, சாண்டிநல்லா மகரந்தங்களை வைத்து நீலகிரிப் புல்வெளியின் வரலாற்றை 1988-இல் வெளியிட்டார். 1993-இல் ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் அதே நீலகிரி பீட்டின் கார்பனை அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். மரமும் வெப்பமண்டலப் புல்லும் கார்பனை வேறுவேறு வழியில் எடுப்பதால் பீட்டில் அவற்றின் தடம் வேறாக இருக்கும். சுமார் 20,000 வருஷத்துக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரி வறண்டு புல்லாக இருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது அந்தத் தடம் மாறியது என்று அதில் தெரிந்தது.

இதனால் என்ன லாபம்னு கேட்கலாம். அந்தப் புல்வெளிகள் மனுஷன் காட்டை அழித்து உண்டாக்கியவையா, இயற்கையாகவே இருந்தவையா என்று நீண்டகாலம் வாதம் நடந்தது. வெள்ளைக்காரர்கள் அவற்றை வெறும் தரிசு என்று நினைத்து யூகலிப்டஸும் சீகை மரமும் நட ஆரம்பித்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. புல் அங்கே பல்லாயிரம் வருஷமாக இருக்கிறது என்று சாட்சி சொன்னது பீட். சோலையைக் காப்பாற்றணும்னு சொல்லும்போது கூடவே புல்வெளியையும் சொல்ல அதனால்தான் முடிகிறது.

ஸ்காட்லாந்திலும் பீட் வெறும் விறகு இல்லை. அதுவும் கார்பனைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டி, அதுவும் பழைய காலநிலையின் பதிவுதான். பிரிட்டனில் வெட்டப்படும் பீட்டில் பெரும்பகுதி தோட்டக்கலைக்குப் போகிறது, விஸ்கியின் பங்கு சின்னது. ஆனாலும் ஒரு அடுப்பு நிறைய எரிந்தால் போவது சில நூறு வருஷத்துப் பக்கங்கள். பீட் விஸ்கியை விட்டுவிடச் சொல்லவில்லை, நானும் விடப்போவதில்லை. "நீலகிரி பீட்டில் புகை ஏற்றிய முதல் தமிழ்நாட்டு மால்ட்" என்று நாளைக்கு யாராவது ஆசைப்பட்டால், அதற்கு மட்டும் கை தூக்க மாட்டேன். அந்தச் சதுப்புகள் சின்னவை, ஒரு தடவை வெட்டினால் திரும்ப வராது, இன்னும் படித்து முடிக்கவும் இல்லை. புகை வேணும்னா ஐலாவிலிருந்தே வரட்டும்.