மாப்பிள்ளை வண்டியும் என் மரை போன கதையும்

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். திருப்புத்திறன் பாடம் வந்தால் ஒருவரை எழுப்பி, வகுப்பறைக் கதவைக் கீல் பக்கத்தில் ஒரு விரலால் தள்ளச் சொல்வேன். நகராது. பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளச் சொல்வேன். முப்பத்திரண்டு வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தவன், போன மாதம் ஒஹையோவில் மகள் வீட்டு கராஜில் அதையே மறந்துவிட்டு நின்றேன்.

மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கிய பழைய ஹோண்டா சிடி70 ஒன்று அங்கே இருக்கிறது. பேரன் உயரத்துக்கு ஒரு குட்டி பைக். இந்தக் குட்டி வண்டிகளின் வம்சம் தொடங்கியது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில். தோக்கியோ பக்கத்தில் தாமா டெக் என்ற பூங்காவுக்காக 1961-இல் ஹோண்டா 5 அங்குலச் சக்கரம் வைத்து ஒன்று செய்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு குரங்கு மாதிரித் தெரியும், அதனால் ‘மங்கி’ என்று பெயர். 1968-இல் ‘மினி டிரெயில்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. அடுத்த வருடம் சிடி70. எஞ்சின் 72 சிசி, சக்கரம் 10 அங்குலம், கைப்பிடியை மடக்கி கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம்.

எஞ்சின் கூடு அலுமினியம். அதில் இறங்கும் போல்ட் எஃகு. மல்லுக்கு நின்றால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மாப்பிள்ளை கிளட்ச் கவரைக் கழற்றி, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, “மாமா, சாயங்காலம் வந்து டைட் பண்ணிக்கிறேன்” என்று ஆபீஸ் போனார். சும்மா இருக்க முடியுமா? நீளமான ராட்செட் ஒன்று கிடைத்தது. ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று திருகினேன். மூன்றாவது போல்ட்டில் கை திடீரென்று லேசானது. வெண்ணெயில் கத்தி போன மாதிரி. மரை போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். அந்த 6 மி.மீ. போல்ட்டுக்குச் சொல்லியிருப்பது ஏறக்குறைய 1 கிலோ-மீட்டர் முறுக்கு (தூரம் இல்லை, ஒரு மீட்டர் கம்பி நுனியில் ஒரு கிலோ தொங்கவிட்ட அளவு). 10 செ.மீ. ஸ்பேனர் என்றால் கை 10 கிலோ தர வேண்டும். 25 செ.மீ. ராட்செட் என்றால் 4 கிலோ போதும். நான் ஸ்பேனருக்குப் பழகிய கையை ராட்செட்டில் வைத்தேன். இரண்டரை மடங்கு. கதவும் கீலும்தான்!

இதில் ஒரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. அந்தக் கவரில் முதலில் இருந்தவை ஆலன் போல்ட் அல்ல, கூட்டல் குறி போட்ட திருகாணிகள். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றாரே, அதைப் போலவே தெரியும். ஆனால் ஜப்பான் தரத்தில் பள்ளத்தின் வடிவம் சற்று வேறு. பிலிப்ஸ் திருப்புளி முழுசாக உள்ளே உட்காராது, வழுக்கிக்கொண்டு தலையைச் சிதைத்துவிடும். ‘ஜப்பான் திருகாணியே மட்டம்’ என்று பலர் திட்டிக்கொண்டே ஆலன் போல்ட்டுக்கு மாறினார்கள். சரியான திருப்புளி இல்லாததுதான் குறை. வெறும் திருப்புளியைப் பிடித்த கையால் அலுமினிய மரையைப் பிய்ப்பது கஷ்டம். நீளமான பிடி வந்ததும் அந்தக் காவல் போயிற்று.

மரைக்கும் ஊருக்கு ஊர் சாதி இருந்தது. இங்கிலாந்தில் விட்வர்த் 1841-இல் 55 டிகிரி என்றார். அமெரிக்காவில் செல்லர்ஸ் 1864-இல் 60 என்றார். நம் சென்னையில் 1955-இல் புல்லட் செய்யத் தொடங்கியபோது இங்கிலீஷ் மரையும் கூடவே வந்தது. பழைய மெக்கானிக்குகளிடம் அதற்கென்று தனி ஸ்பேனர் செட் இருக்கும். ஜப்பானிலும் பழைய 5 மி.மீ. திருகாணிக்கு மரை இடைவெளி 0.9, பிறகு உலகத் தரத்துக்கு மாறியபோது 0.8. மிகப் பழைய வண்டியில் புதுசைப் போட்டால் இரண்டு மூன்று சுற்று போய் இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து பலத்தைக் காட்டினால் தொலைந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த போல்ட்டைச் சும்மா செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். சொல்லவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, “எல்லாம் முடிச்சிட்டீங்களா மாமா!” என்று சந்தோஷமாக எண்ணெய் ஊற்றினார். அப்போதும் சொல்லவில்லை. மகள் வீட்டில் மாமனார் என்ற கௌரவம் வாயை அடைத்துவிட்டது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் வண்டிக்கடியில் உள்ளங்கை அளவு எண்ணெய். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி நின்று ஒப்புக்கொண்டேன். எத்தனை பேரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன்!

அவர் சிரித்தார். “மரை கழன்றது வண்டிக்குத்தானே மாமா, நமக்கில்லையே.”

சனிக்கிழமை சரிசெய்தோம். போன மரையைத் துளையிட்டு எடுத்து, பெரிய மரை வெட்டி, உள்ளே எஃகுக் கம்பிச்சுருள் இறக்கினார். ஹெலிகாயில் என்று பெயர். பழைய மரையைவிட அது உறுதி. பிறகு டார்க் ரெஞ்ச். நியூயார்க் தண்ணீர்க் குழாய்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் 1918-இல் உருவாக்கியதாகச் சொல்வார்கள். பூமிக்கடியில் குழாய் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்த யோசனையாம். என் முன்னோர்கள்.

முதலில் விரலால் எல்லாவற்றையும் உட்கார வைத்தோம். பிறகு எதிரெதிராக, பாதி அளவில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று. மரையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்று துடைக்கச் சொன்னார். ஏன் என்பது எனக்கே பாடம்: திருகுகிற முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றுவிடுகிறது, ஒரு பங்குதான் போல்ட்டைச் சுருள்வில் போல இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், ரெஞ்ச் அதே அளவைக் காட்டும், இழுவை மட்டும் ஏறிவிடும்.

கடைசி போல்ட் பேரனுக்கு. ‘கிளிக்’ என்றதும் கையை எடுத்துவிட்டான். எதற்கும் ஒருமுறை பார்க்கலாம் என்று நான் ரெஞ்சை வாங்கப் போனேன். “தாத்தா, போதும்” என்று பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டான்.