சவ்வாது மலை: மரக் கடத்தலும் கண்காணிப்பும்

வேலூரை அடுத்த அமிர்தி, சவ்வாது மலையின் காப்புக்காடுகளுள் ஒன்று. இம்மலை சந்தனத்திற்குப் பெயர்பெற்றது. சந்தன எண்ணெய் மரத்தின் வைரத்திலும் வேரிலும் செறிந்திருப்பதால், முறையான அறுவடையில் மரம் வேரோடு அகழப்படும். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மரம் வெட்டுவதையும் கொண்டுசெல்வதையும் அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இயங்கியது. மலைப்பாதைகளில் சோதனைச்சாவடிகள் எழுந்தன. இவ்வாறு, காட்டை அறிந்த மலைவாசியே ஐயத்திற்குரியவராகவும் ஆனார்.

காலப்போக்கில் சந்தனம் அருகியது. கடத்தலின் களம் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டுச் செம்மரத்திற்கு நகர்ந்தது. 1995இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. எனினும் சீனா முதலிய நாடுகளின் தேவை குறையவில்லை. மரம் வெட்டும் திறனுடைய தமிழகத்து மலையக, அடிவாரக் கூலிகள் தரகர்களால் அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரச் சிறப்புப் படையின் துப்பாக்கிச்சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர்.

காட்டில் கோடரி ஏந்தியவர் எளிதில் அகப்படுகிறார். துறைமுகம் கடந்து மரத்தைப் பெறுபவர் அவ்வாறு அகப்படுவதில்லை. எனவே கடத்தலின் வரலாறு மலையகக் கூலி உழைப்பின் வரலாற்றோடு இணைத்தே ஆராயத்தக்கது.