புளிக்கும் மாவுக்குள் ஒரு கணக்கு: செல்கள் தலைமுறை தலைமுறையாக அளவு மாறாமல் பெருகுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் சித்திரை வெயிலில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு, விடியும் முன்பே பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். அதே மாவு மார்கழியில் காலை வரை அசையாமல் கிடக்கும். மாவைப் பொங்கச் செய்பவை லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். உளுந்தோடு வந்து சேரும் இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்தான். வளர்வதும், இரண்டாகப் பிரிவதும், பிரிந்தவை மீண்டும் வளர்வதுமாக ஒரே இரவில் பல தலைமுறைகளைக் கண்டுவிடுகின்றன.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. செல் எப்போதும் சரிபாதியாகப் பிரிவதில்லை. ஒரு மகள் சற்றுப் பெரிதாகவும் மற்றொன்று சற்றுச் சிறிதாகவும் பிறக்கும். இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் சில தலைமுறைகளில் பூதங்களும் குள்ளர்களும்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. ஏன்?

மூன்று வழிகள்

செல் தன் அளவைக் காத்துக்கொள்ள மூன்று வழிகள் இருக்கலாம் என அறிஞர்கள் எண்ணினர். ஒன்று, குறிப்பிட்ட நேரம் ஆனதும் பிரிவது. இரண்டு, குறிப்பிட்ட அளவை எட்டியதும் பிரிவது. மூன்று, பிறந்த அளவோடு ஒரு குறிப்பிட்ட அளவைச் சேர்த்ததும் பிரிவது.

முதல் வழி உதவாது. செல் வட்டிக்கு வட்டி போல வளர்கிறது. பெரிய செல் அதே நேரத்தில் அதிகமாக வளரும். எனவே பெரிதாகப் பிறந்த வம்சம் பெரிதாகவே இருந்துவிடும்.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் சக்ஜூன் ஜுன் குழுவினர் 'தாய் இயந்திரம்' என்ற கருவியை வெளியிட்டனர். முடியைவிட மெல்லிய கால்வாய்களில் ஒவ்வொரு செல்லை நிறுத்தி, நூற்றுக்கணக்கான தலைமுறைகளை நுண்ணோக்கியில் அளக்க அது வழிசெய்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் மூன்றாவது வழியையே பின்பற்றுவதைக் காட்டின.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறக்கும்போது செல்லின் சரியான நீளம் 2 மைக்ரோமீட்டர், அது சேர்க்க வேண்டியதும் 2 என்று வைத்துக்கொள்வோம். தவறுதலாக 3 நீளத்தில் பிறந்த செல் 5 ஆகிப் பிரியும், மகள் 2.5. அது 4.5 ஆகிப் பிரியும், பேத்தி 2.25. சிறிதாக 1 நீளத்தில் பிறந்தால் 3 ஆகிப் பிரியும், மகள் 1.5, பேத்தி 1.75. பிழை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. பாட்டி எப்படி இருந்தாள் என்ற நினைவு செல்லுக்குத் தேவையில்லை. தான் பிறந்த அளவிலிருந்து இவ்வளவு சேர்த்தால் போதும்.

பேத்திக்காகப் பாட்டி தொடங்கும் வேலை

பிரியும் முன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வும் முழுதாக நகலெடுக்கப்பட வேண்டும். ஈ.கோலைக்கு நகலெடுக்கச் சுமார் 40 நிமிடமும், அதன் பிறகு பிரிந்து முடிக்க 20 நிமிடமும் ஆகும் என 1968இல் கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் இருவரும் கணக்கிட்டனர். மொத்தம் ஒரு மணி நேரம். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் அதே பாக்டீரியா 20 நிமிடத்திற்கு ஒருமுறை பிரிகிறது!

ஒரு நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடுவதுதான் இதற்கு விடை. பேத்தி பிரிவதற்கான நகலைப் பாட்டியே தொடங்கி வைக்கிறாள். பேத்தி பிறக்கும்போதே பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும்.

வேகமாக வளரும் செல்கள் உருவத்திலும் பெரியவை என்பதை 1958இலேயே கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சால்மோனெல்லா பாக்டீரியாவில் கண்டனர். அவற்றில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களும் அதிகம். அந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காகவே சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

வெயிலும் மார்கழியும்

2014இல் ஸ்ரீவித்யா ஐயர்-பிஸ்வாஸும் சக ஆய்வாளர்களும் காலோபாக்டர் என்ற பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தனர். வெப்பம் மாறியபோது வளரும் வேகமும் பிரிவதற்கான நேரமும் ஒரே விகிதத்தில் மாறின. குளிரில் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, வெப்பத்தில் விரைகிறது, கணக்கு மட்டும் மாறுவதில்லை. மாவு சித்திரையில் வழிவதும் மார்கழியில் தூங்குவதும் இப்படித்தான்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

மாவில் நன்மை செய்யும் இதே பெருக்கம், சமைத்த உணவில் கெடுதலாகும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஒரு பாக்டீரியா 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

வலீமா விருந்தில் மீந்த பிரியாணியை மறுநாள் வரை தேக்சாவிலேயே விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அஸருக்கு வாங்கி வந்த நோன்புக் கஞ்சியை சஹர் வரை வெளியில் வைத்திருப்போரும் உண்டு. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. சோறு ஆறியதும் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. "சூடு பண்ணிட்டா சரியாப் போச்சு" என்பது இங்கே செல்லாது. குழந்தைகளும் முதியவர்களும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள்.

எனவே மீந்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரத்திற்குள், ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய தேக்சாவின் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். அந்த இளஞ்சூடுதான் பாக்டீரியாவுக்கு ஏற்றது. ஃபிரிட்ஜ் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, அதன் கடிகாரத்தை மெதுவாக்குகிறது. அதனால் அங்கேயும் பல நாள் வைக்க வேண்டாம்.

நம் உடலுக்குள்ளும்

நம் உடல் செல்களும் வளர்ச்சியையும் பிரிதலையும் இணைத்தே நடத்துகின்றன. ஆனால் அவற்றுக்குக் காவல் வாசல்கள் அதிகம். டி.என்.ஏ. பழுதாகியிருந்தால் வாசல் திறக்காது. இந்தக் கட்டுப்பாட்டின் அடிப்படைகளைக் கண்டதற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். வாசல்கள் பழுதாகி, செல்கள் தடையின்றிப் பிரியத் தொடங்குவதே புற்றுநோய்.

பெருகுவது மட்டும் உயிரின் அடையாளமல்ல. எப்போது பிரிய வேண்டும், எதுவரை காத்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கும் சேர்ந்ததே உயிர். நாளைக் காலை மாவுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, பிள்ளைகளை அருகே அழைத்து இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.